கடைசியாக வந்தவர் முதலில் பேச வேண்டும்

நோல் பம்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது அல்முட் வீகாண்டுக்கு வயது அறுபத்தெட்டு. அதற்கு முன் அவர் காஸல் நகரில் நீதிபதியாக இருந்தார். பிறகு இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினர், மறுபடியும் நீதிபதி, கடைசிப் பத்து வருஷம் மாநில அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தலைவர். ஓய்வு பெற்ற பின் ஒரு கோடை முழுவதும் தோட்டத்தில் ரோஜாச் செடிகளை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இருபத்தோரு செடிகளில் ஆறுதான் பிழைத்தன.

ஜனவரி மாதம் ஹார்ட்விக் நோல் அவர் வீட்டுக்கு வந்தார். ஃபுல்டா ஆற்றங்கரையில், எஷ்விங்கலில், முந்நூற்று நாற்பது பேர் வேலை செய்யும் அந்தத் தொழிற்சாலை நோலின் தாத்தா தொடங்கியது. விதிமுறைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க ஓர் ஆள் தேவை என்றார் நோல்.

"பெரிய கம்பெனிங்க எல்லாத்துலயும் இப்ப அப்படி ஒரு ஆபீஸ் இருக்கு. குடிநீர் வாரியங்க டெண்டர்லயே கேக்குறாங்க. இல்லேன்னா உங்களை ஏன் நான் தொந்தரவு பண்றேன்?"

"நெஜமாவே வேலை இருக்கா? இல்ல, வாசல்ல மாட்டுற போர்டா?"

நோல் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும்தான்" என்றார்.

பொய் சொல்லாத பதில். அதனாலேயே ஒப்புக்கொண்டேன் என்று பிற்பாடு அல்முட் சொல்லியிருக்கிறார். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

தொழிலாளர்கள் அவரை ஜட்ஜம்மா என்று கூப்பிட்டார்கள். மாடிப்படிக்கு அடுத்திருந்த அவர் அறைக்கு மனசாட்சி ஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள். "மனசாட்சி ஆபீஸ்ல விளக்கு எரியுது, யாரும் சத்தமாத் தும்மாதீங்க" என்று யாராவது சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அல்முட்டுக்கும் அது காதில் விழும். அவர் கதவைச் சாத்திக்கொள்வதில்லை.

முதல் வேலையாக அவர் பதினெட்டுப் பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம் எழுதினார். அதில் இரண்டு விதிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பதினோராவது விதி: யாரும் யாரிடமும் அன்பளிப்பு வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. எங்கள் பக்கத்தில் இது லேசான விஷயமில்லை. குளிர் தொடங்கியதும் வீட்டில் பன்றி அறுத்து, இறைச்சியைக் குடலில் அடைத்துச் சாசேஜ் செய்து, பரணில் மாதக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். வைத்தியருக்கு ஒன்று, புகைபோக்கி துடைப்பவருக்கு ஒன்று, சான்று கொடுக்க வரும் ஆய்வாளருக்கு ஒன்று என்று கொடுத்துப் பழகிய ஊர். "இனிமே ஆய்வாளரு நம்ம பம்பையே கடிச்சுப் பாக்கட்டும்" என்று வார்ப்படப் பிரிவில் சிரித்துக்கொண்டார்கள்.

பதினான்காவது விதி: தான் செய்த தவறைத் தானாக வந்து சொல்பவர், அந்தத் தவறுக்காக வேலையை இழக்க மாட்டார். இதை யாரும் கேலி செய்யவில்லை. நம்பவும் இல்லை.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் புர்க்ஹார்ட் இக்லர் அந்த அறைக்கு வந்தார். சோதனை மேடையின் பொறுப்பாளர். முப்பத்தெட்டு வருஷ வேலை, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். கையில் விதிப் புத்தகம். பதினான்காவது விதி இருக்கும் பக்கத்தில் விரலை வைத்து மூடியிருந்தார்.

"இது நெஜமா ஜட்ஜம்மா?"

"எது?"

"பதினாலு. இல்ல, எண்ணிக்கை குறையுதேன்னு சேர்த்ததா?"

"உக்காருங்க இக்லர்."

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன். உக்காந்தா சொல்ல மாட்டேன்."

பிறகு சொன்னார். குடிநீர் வாரியங்களுக்குப் போகும் பம்புகளை ஒவ்வொன்றாக மேடையில் ஏற்றி அரை மணி நேரம் முழு அழுத்தத்தில் ஓட்ட வேண்டும். அதன் பிறகுதான் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். கடந்த டிசம்பரிலிருந்து பத்து நிமிஷத்தில் இறக்கிவிடுகிறார்கள். அப்படிப் போனவை இருநூற்றுப் பதினான்கு பம்புகள். எல்லாச் சான்றிதழிலும் கீழே இருப்பது அவர் கையெழுத்து.

"யார் சொல்லிப் பண்ணினீங்க?"

இக்லர் சன்னலைப் பார்த்தார். "நான் என்னைப் பத்திச் சொல்லத்தான் வந்தேன். மத்தவங்க கதவை நான் தட்டல."

அவர் போன பிறகு அல்முட் ஒரு கோப்பை எடுத்தார். ஏப்ரல் மாதம் அவரே தயாரித்த காலாண்டு அறிக்கை. 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பின்னால் நூற்றுப் பத்துச் சான்றிதழ்களின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் சோதனை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் இயந்திரமே அச்சடித்திருந்தது. எட்டு பத்து, எட்டு இருபது. எட்டு நாற்பது, எட்டு ஐம்பது. ஏப்ரலில் அந்தப் பக்கங்களை அவர் புரட்டியது நினைவிருந்தது. எண்களைப் பார்த்ததுதான் நினைவில் இல்லை.

படிக்காமல் ஒப்புதல் கொடுத்தது அவர் வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை சட்டமன்றத்தில். அங்கே கட்சித் தலைவர் முதலில் பேசுவார், பிறகு கைகள் உயரும். உள்ளாட்சித் தேர்தலில் சிறு குழுக்கள் நிற்பதற்கு இத்தனை கையெழுத்து வேண்டும் என்று ஒரு மசோதாவின் நாற்பதாம் பக்கத்தில் ஒரு பிரிவு இருந்தது. அந்தக் குழுக்களால் எட்ட முடியாத எண்ணிக்கை. அல்முட் அதைப் படிக்காமல் கையை உயர்த்தினார். ஆறு வருஷம் கழித்து அவர் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சாதாரண உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, முதல் வழக்காக அந்தப் பிரிவே அவர் முன்னால் வந்தது. சட்டம் இயற்றுவதில் பங்கு வகித்தவர் என்பதற்காக ஒரு நீதிபதி வழக்கிலிருந்து விலக வேண்டியதில்லை என்பது விதி. அவர் விலகவில்லை.

நீதிபதிகள் கலந்து பேசும் அறையில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. சேவையில் இளையவர் முதலில் கருத்தைச் சொல்ல வேண்டும். தலைவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள் என்பதற்காக வைத்த ஒழுங்கு. காஸலில் அல்முட் சேர்ந்த முதல் வருஷம், தலைமை நீதிபதி டிப்பல் கலந்து பேசும்போதெல்லாம் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஆப்பிள் உரித்துக்கொண்டிருப்பார். "பாவம், முதுகுவலின்னு நினைச்சேன்" என்று அல்முட் சொல்வார். தன் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் தன் கருத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று டிப்பல் திரும்பிக்கொண்டார் என்பது அல்முட்டுக்குப் புரிய எட்டு மாதம் ஆயிற்று.

அந்தத் தேர்தல் பிரிவைப் பற்றி, புதிதாக வந்தவர் என்ற முறையில், அரசியலமைப்பு நீதிமன்ற அறையில் அல்முட்தான் முதலில் பேசினார். என்ன பேசினார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே பேசுவது அங்கேயே இருக்க வேண்டும். பிரிவு செல்லாது என்று வந்த தீர்ப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சந்தையில் அவருடைய பழைய கட்சிக்காரர் ஒருவர், கையில் சூடான ஒயின் கோப்பையோடு, அவரைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

இக்லர் வந்து சொன்ன மறுநாள் அல்முட் விஷயத்தை நோலிடம் கொண்டுபோனார். நோல் தாழ்வாரத்திலேயே முடிவு சொல்லிவிட்டார்.

"கையெழுத்து இக்லரோடது. இக்லர் போகணும். வாடிக்கையாளருங்களுக்கு ஒரு கடிதம் எழுதுவோம். ஒரு ஊழியர் தப்புப் பண்ணினார், நீக்கிட்டோம்னு."

"பம்பு?"

"அதான் ஓடிக்கிட்டிருக்கே!"

"பதினாலாவது விதி?"

"அது அற்பத் தப்புக்கு. யாராவது ஸ்க்ரூ டிரைவரை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனா, அதுக்கு."

"அப்படி எங்கயும் எழுதல."

"நீங்க எழுதினதுதானே, மாத்தி எழுதுங்க."

எங்கள் சட்டப்படி, ஒருவரை உடனடியாக வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால், விஷயம் தெரிந்து இரண்டு வாரத்துக்குள் நீக்கியாக வேண்டும். நோல் அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிர்வாகக் கூட்டம் வைத்தார். நோல், அல்முட், உற்பத்தித் தலைவர் ஸீக்ரூன் ஓக்ஸ், விற்பனைத் தலைவர் எக்கெஹார்ட் லோர் என்று நான்கு பேர்தான். அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நோல் தொண்டையைச் செருமுவார். செருமினால் முடிவாகிவிட்டது என்று பொருள். மற்றவர்கள் குறிப்பேட்டில் ஏதோ எழுதுவதுபோலப் பேனாவை அசைப்பார்கள்.

ஓக்ஸுக்கும் லோருக்கும் ஏதோ தெரியும் என்பதை அல்முட் அந்த வாரத்திலேயே உணர்ந்துவிட்டார். ஓக்ஸ் அவரைப் பார்த்தால் படியில் வேகமாக இறங்கினார். லோர் வானிலையைப் பற்றி மிக நீளமாகப் பேசினார். நோல் செருமிய பிறகு இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை அல்முட் நோலின் அறைக்குப் போனார்.

"திங்கட்கிழமை ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். கோர்ட்டுல பேசுற வரிசையில பேசலாம். சேவையில இளையவர் முதல்ல, நீங்க கடைசியில. நடுவுல யாரும் குறுக்க பேசக் கூடாது."

நோல் சிரித்தார். "கறுப்பு அங்கியும் போட்டுக்கணுமா?"

"தேவையில்ல. கடைசி வரைக்கும் தொண்டையைச் செருமாம இருந்தாப் போதும்."

"நான் செருமறேனா?" என்று நோல் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு சரி என்றார். அவர் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவர்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அல்முட் எழுதினார். முதலில் லோர் பேசுவார், பிறகு ஓக்ஸ். அவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு, நோலுக்கு முன்னால், தான் தொகுத்துச் சொல்ல வேண்டும். நான்கு பக்கம் வந்தது. தெளிவான, ஒழுங்கான நான்கு பக்கங்கள். ஏப்ரல் அறிக்கையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எழுதிப் பார்த்து, அடித்துவிட்டார். அதைச் சொன்னால் தன் பேச்சு எடுபடாமல் போகும், இக்லருக்குத்தான் நஷ்டம் என்று நினைத்தார். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

திங்கட்கிழமை நடந்ததை ஓக்ஸ் பிற்பாடு பலருக்கும் சொல்லியிருக்கிறார். காப்பி ஊற்றி முடித்ததும் நோல் சொன்னார்: "இன்னிக்கு கோர்ட். இளையவர் முதல்ல பேசணும். லோர், உங்களுக்கு இங்க ஆறு வருஷம். ஆரம்பிங்க."

லோர் கோப்பைத் திறந்தார். ஓக்ஸ் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். ஜட்ஜம்மா பிப்ரவரியிலதானே வந்தாங்க?"

நோல் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அட, ஆமா! இங்க இவங்கதானே எல்லாருக்கும் இளையவங்க! அறுபத்தெட்டு வயசுப் பொடிசு!"

லோரும் சிரித்தார். அல்முட்டும் சிரிக்கப் பார்த்தார். பத்து வருஷம் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாகப் பேசியவர் அவர். தான் புதிதாக வந்தவர் என்பது அவருக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான். அதிலிருந்து தனக்கு மட்டும் விலக்குக் கேட்க முடியாது.

நான்கு பக்கங்களைப் பார்த்தார். 'திரு. லோர் கூறியதுபோல' என்று முதல் வரி தொடங்கியது. லோர் இன்னும் ஒன்றும் கூறவில்லை. தாள்களை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

"ஏப்ரல் அறிக்கையில குறை ஒண்ணும் இல்லேன்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். "அதோட நூத்திப்பத்துச் சான்றிதழ் இருந்துச்சு. எல்லாத்துலயும் நேரம் அச்சாகியிருக்கு. பத்து நிமிஷம், பத்து நிமிஷம், பத்து நிமிஷம். பக்கத்தைப் புரட்டினேன். படிக்கல. நான் படிச்சிருந்தா ஏப்ரல்லயே இது நின்னிருக்கும்."

நோலின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"சோதிக்காததுக்குக் கையெழுத்துப் போட்டார்னு இக்லரை அனுப்பறதா இருந்தா, படிக்காததுக்குக் கையெழுத்துப் போட்ட நானும் அதே கதவு வழியா போகணும். அவராவது தானா வந்து சொன்னார். நான் அவர் சொன்ன பிறகுதான் தேடினேன். ரெண்டு பேருல அவர் மேல்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "என் கருத்து இதுதான். இக்லர் இருக்கணும். பதினாலாவது விதியில வாக்குக் கொடுத்திருக்கோம். எல்லாப் பம்பையும் திரும்ப வரவழைச்சு முழு அரை மணி நேரம் ஓட்டணும். வாடிக்கையாளருங்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதணும். அவ்வளவுதான்."

நோல் தொண்டையைச் செருமினார்.

"முதலாளி" என்றார் ஓக்ஸ். "உங்க முறை கடைசி."

நோல் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

லோர் வெகுநேரம் பேனாவைத் திருகினார். "ரெண்டு வாரத்துல தர்றோம்னு எல்லா வாரியத்துக்கும் தேதி குடுத்தது நான்" என்றார். "இவ்வளவு சீக்கிரம் எப்படி முடியும்னு நான் கேக்கல. கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவாங்கன்னு கேக்கல. ஜட்ஜம்மா சொல்றதுதான் சரி."

ஓக்ஸ் இந்தத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் இருப்பவர். யாரையும் பார்க்காமல் பேசினார். "பத்து நிமிஷம் போதும்னு இக்லர்கிட்ட சொன்னது நான். ரெண்டு தடவை வந்து கேட்டார். எழுத்துல குடுங்கன்னார். நான் குடுக்கல. எழுத்துல குடுக்க முடியாததைத்தான் வாயால சொன்னோம்னு எனக்கு அப்பவே தெரியும். அவர் இருக்கணும்."

மூவரும் நோலைப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி சுழல்வதில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள அவருக்கு வழியில்லை.

"எனக்குப் பேச ஒண்ணும் மிச்சம் வைக்கலையே" என்றார். காப்பியைக் குடித்து முடித்தார். "இக்லர் இருக்கட்டும். பம்பை வரவழைங்க. கடிதத்தை நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்." எழுந்து போகும்போது நின்று, "படிச்சுட்டுத்தான்" என்றார்.

கோடை விடுமுறையிலும் சோதனை மேடை ஓடியது. இருநூற்றுப் பதினான்கில் மூன்று பம்புகள் இருபது நிமிஷம் தாண்டியதும் மூடியோரம் கசிந்தன. இக்லர் அந்த மூன்றின் எண்களையும் மேடைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தார். இரண்டு வாரியங்கள் நோலோடு உறவை முறித்துக்கொண்டன. மற்றவை முறித்துக்கொள்ளவில்லை.

நவம்பரில் நோல் மனசாட்சி ஆபீஸுக்கு வந்தார். ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்றார்.

"கோபமில்ல ஜட்ஜம்மா. நீங்க சொன்னது சரிதான். ஆனா அந்த மாதிரி இன்னொரு திங்கட்கிழமையை என்னால தாங்க முடியாது."

"அப்ப போர்டு?"

"அதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

ரோஜாச் செடிகளைக் குளிருக்கு மூடி வைக்க வேண்டும் என்பதுதான் அப்போது நினைவுக்கு வந்தது என்று அல்முட் பிற்பாடு சொன்னார். பேச்சு வரிசை மட்டும் அங்கே நிலைத்துவிட்டது. திங்கட்கிழமைகளில் நோல் இப்போதும் செருமுகிறார். ஓக்ஸ் இப்போதும் கையை உயர்த்துகிறார்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு அல்முட் அடையாள அட்டையைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வாசலுக்கு அந்தப் பக்கம், பனியில், இக்லர் நின்றுகொண்டிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம்.

"இப்ப நீங்க இங்க யாரும் இல்ல. வாங்கிக்கலாம்" என்றார்.

அல்முட் பொட்டலத்தைப் பார்த்தார். வாசனை நன்றாக வந்தது. "என் ஒப்பந்தம் இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கு இக்லர்."

"அட போங்க ஜட்ஜம்மா!"

"பதினோராவது விதி."

"வாசலைத் தாண்டிட்டீங்களே!"

"விதியில வாசல்னு எங்கயும் எழுதல."

இக்லர் வாய்விட்டுச் சிரித்தார். காவலரும் சன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சிரித்தார். இக்லர் பொட்டலத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அல்முட் வீட்டு மணி அடித்தது. மேசையில் கறுப்பு ரொட்டியும் கடுகு விழுதும் இரண்டு தட்டுகளும் ஏற்கெனவே இருந்தன. இக்லர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். சாசேஜின் நூலில் ஒரு சிறிய அட்டை கட்டியிருந்தது. சோதனை மேடையில் பயன்படுத்தும் அதே மஞ்சள் அட்டை.

அல்முட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தொங்கவிட்ட நாள், நவம்பர் ஒன்பது. இறக்கிய நாள், ஜனவரி முப்பது. எடை. இடம், பரண், வடக்குப் பக்கம். கீழே கையெழுத்து.

"வெட்டலாமா?" என்று இக்லர் கத்தியை எடுத்தார்.

"இருங்க" என்றார் அல்முட். அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்திலும் இரண்டு வரி இருந்தது. அதையும் படித்து முடித்த பிறகுதான் தட்டை நீட்டினார்.